கவிழ்த்த மூட்டை

"ஏரி கொதிக்குதா கண்ணு?" என்றார் அப்பா.

கரையோரத் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் சரம் சரமாக ஏழெட்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் தண்ணீர் சலசலக்குமே, பார்க்க அப்படித்தான் இருக்கும். "கையை விட்டுப் பாருங்கப்பா" என்றேன். குனிந்து விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

"அட, ஜில்லுனு இருக்குது!"

ஜெர்மனியில் லாஹர் ஸே என்ற ஏரியின் கிழக்குக் கரை அது. நான் குடியிருக்கும் கோப்லென்ஸ் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம். எதிர்க்கரையில் 1093-இல் தொடங்கிய மரியா லாஹ் மடாலயம், ஆறு கோபுரங்களோடு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. படகு, ஐஸ்கிரீம், குழந்தைகள். வருகிறவர்களில் பாதிப்பேர் இதை வெறும் ஏரி என்றுதான் நினைத்துக்கொண்டு போகிறார்கள். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் இது. அந்தக் குமிழிகள், கீழே எங்கேயோ ஆழத்தில் இருக்கும் மேக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, விடுகிற கரியமில வாயு. அது வந்து சேரும் வழியில் சூடு எல்லாம் ஆறிவிடுகிறது.

நான் ஜியாலஜி படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குத் தப்பி ஓடியவன். இங்கே வேலை கிடைத்தபோது, கோப்லென்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது சம்பளம் இல்லை. பக்கத்தில் ஐஃபெல் எரிமலைகள் இருக்கின்றன என்பதுதான். மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கல்லோடு பழக்கம் வேறு வகை. காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பாதி ஆழம், அவர் கூடவே நின்று வெடி வைத்து இறக்கியது. ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து எத்தனை குழி போட வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் சிவன்மலை தெரியும். மேலே முருகன் கோயில். அந்த மலை நெஃபலின் சயனைட் என்ற பாறை என்பது கல்லூரிக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. தாமஸ் ஹாலண்ட் என்பவர் 1901-லேயே அதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அங்கே குருந்தக்கல் கிடைக்கும். கொரண்டம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அது நம் குருந்தம்தான், அப்படியே போய் உட்கார்ந்த சொல். நான் வாய்பிளந்து நின்ற விஷயம் அதுவல்ல. சிவன்மலைப் பாறையும், லாஹர் ஸே கக்கிய நுரைக்கல்லும் வேதியியலில் பங்காளிகள். ஒன்று ஆழத்திலேயே மெல்ல ஆறிக் கெட்டிப்பட்டது, சுமார் 60 கோடி ஆண்டுப் பழசு. இன்னொன்று ஆறுவதற்குள் வெடித்து வெளியே வந்தது, நேற்றுப் பிறந்த குழந்தை. இரண்டையும் காரப் பாறை என்பார்கள்.

காரம் என்றால் மிளகாய் இல்லை. சோடியமும் பொட்டாசியமும் அதிகம், அதற்கு ஈடாகச் சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு, இல்லை என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுக் கணக்கு போதும். மேக்மா ஆறும்போது சோடியமும் அலுமினியமும் சிலிக்காவோடு சேர்ந்து ஃபெல்ஸ்பார் படிகமாக விரும்பும். அதுதான் சோறு. அரிசி போதாவிட்டால்? கஞ்சி காய்ச்சுவோம். அதே சோடியம், அதே அலுமினியம், மூன்றில் ஒரு பங்கு சிலிக்காவை வைத்துக்கொண்டு நெஃபலின் ஆகிவிடும். சிலிக்கா மிஞ்சிக் கிடந்தால்தான் குவார்ட்ஸ் உருவாகும். அதனால் குவார்ட்ஸும் நெஃபலினும் ஒரே பாறையில் சமாதானமாக உட்கார்ந்திருக்காது. அரிசி மூட்டை அடுக்கியிருக்கிற வீட்டில் யார் கஞ்சி குடிப்பார்கள்? உடம்பு சரியில்லாதவர்களை விட்டுவிடுங்கள்.

சரி, இந்தக் கார மேக்மா எங்கிருந்து வருகிறது?

சின்ன வயதில் குச்சி ஐஸ் வாங்கி உறிஞ்சியவர்களுக்குப் பதில் தெரியும். முதல் இரண்டு உறிஞ்சலில் கலரும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும். குச்சியில் மிஞ்சுவது வெள்ளைப் பனிக்கட்டி. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் பாறையும் அப்படித்தான். அது கெட்டியான பாறையாகவே இருக்கிறது. கொஞ்சம் சூடு கூடினாலோ, அழுத்தம் குறைந்தாலோ, நூற்றில் சில பங்கு மட்டும் உருகும். சோடியம், பொட்டாசியம், தோரியம், பேரியம் போன்றவற்றுக்குப் படிகக்கூட்டுக்குள் இடம் சரியாகப் பொருந்தாது. பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்கள் மாதிரி முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிடும். முதலில் கசியும் அந்தக் கொஞ்ச உருகலில் இவை செறிந்திருக்கும். மேன்டில் நிறைய உருகினால் இதே சரக்கு நீர்த்துப்போய் சாதாரண பசால்ட் வரும், கடலடியில் கொட்டிக் கிடக்கிறதே அது. குறைவாக உருகினால் பசனைட் வரும். ஐஃபெல் முழுக்க இந்தப் பசனைட் வகைகள்தான்.

குறைந்த உருகல் மட்டும் போதாது என்பது என் கட்சி. ஐஃபெல் பாறைகளில் பொட்டாசியம் தூக்கலாக இருக்கிறது. அடியிலுள்ள மேன்டிலில் முன்னெப்போதோ திரவங்கள் ஊறி, அங்கங்கே மைக்கா, ஆம்ஃபிபோல் என்ற கனிமங்கள் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கின்றன. உருகல் தொடங்கும்போது முதலில் இளகுவது அந்த நரம்புகள். இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். மேற்கு ஐஃபெலில் ட்ரைஸ் என்ற ஊர்ப் பக்கம் எரிமலைக் குண்டுகளை உடைத்தால் உள்ளே பச்சைச் சர்க்கரைக் கட்டி மாதிரி ஒலிவின் பாறை இருக்கும். மேன்டிலின் துண்டு. மேக்மா வரும் வழியில் பிய்த்துக்கொண்டு வந்தது. மேக்மாவை விடக் கனமான கல் அது. மேக்மா மெதுவாக ஏறியிருந்தால் கல் அடியில் தங்கியிருக்கும். மேலே வந்து சேர்ந்திருக்கிறது என்றால் வண்டி எங்கேயும் நிற்காமல் வந்திருக்கிறது.

ஐரோப்பாவின் நடுவில், கண்டத்தட்டின் ஓரமும் இல்லாத இடத்தில், எதற்காக மேன்டில் உருகுகிறது என்பதில் சண்டை ஓய்ந்தபாடில்லை. 2001-இல் வந்த ஒரு நிலநடுக்க அலை ஆய்வு, ஐஃபெலுக்குக் கீழே சுமார் 100 கிலோமீட்டர் அகலத்தில், 400 கிலோமீட்டர் ஆழம் வரையாவது, அலைகள் தாமதமாகப் போகும் ஒரு தூண் இருப்பதாகக் காட்டியது. சூடான பாறை மெல்ல எழும்பும் தூண். 2020-இல் ஜிபிஎஸ் அளவுகளை வைத்து, இந்தப் பகுதி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வரை உயர்கிறது என்றார்கள். நான் தூண் கட்சிதான். ஆனால் ஹவாயைப் போல் நினைத்துக்கொள்ளக் கூடாது. இது ஒல்லியான, சோம்பேறித் தூண். கடந்த சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் கிழக்கும் மேற்குமாக 300-க்கும் மேற்பட்ட எரிமலைகளை முளைக்க வைத்திருக்கிறது. பெரும்பாலானவை குன்றுக்கு மேல் பேர் சொல்லத் தகுதியில்லாதவை. சட்டென்று ஏறி, பசனைட்டைத் துப்பிவிட்டு, அணைந்து போனவை.

லாஹர் ஸே அப்படிச் செய்யவில்லை. அங்கே மேக்மா வழியில் தங்கிவிட்டது. தரைக்குக் கீழே ஏழெட்டு கிலோமீட்டருக்குள் ஓர் அறை. தங்கினால் ஆறும், ஆறினால் படிகம் விழும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கடல்நீரைப் பாத்தியில் காய விட்டால் எல்லாம் ஒன்றாகப் படியாது. முதலில் ஜிப்சம். அது ஒதுங்கிய பிறகு அடுத்த பாத்தியில் உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம். ஒவ்வொன்று கீழே படியும்போதும் மேலே நிற்கிற தண்ணீர் வேறு தண்ணீர் ஆகிவிடுகிறது.

பசனைட்டிலும் அதேதான். முதலில் ஒலிவினும் பைராக்சினும் விழுந்து மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு போகும். பின்னால் ஆம்ஃபிபோல், மைக்கா, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடுகள். அபடைட் பாஸ்பரஸைக் காலி செய்யும். ஃபெல்ஸ்பார் வகைகளில் பிளாஜியோகிளேஸ் கால்சியத்தோடு ஸ்ட்ரான்சியத்தையும், சானிடின் பேரியத்தையும் கொண்டுபோகும். சிலிக்கா 43 சதவீதத்திலிருந்து ஏறி ஏறி 60-க்குக் கிட்டே வந்து நிற்கும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து சுமார் 15 சதவீதம் ஆகிவிடும். யாரும் கூட்டிக்கொண்டு போகாத சிர்கோனியம், நயோபியம், தோரியம், குளோரின், தண்ணீர் எல்லாம் மிஞ்சிய திரவத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த மிச்சத்தின் பெயர் ஃபோனோலைட். கெட்டியான ஃபோனோலைட் பலகையைத் தட்டினால் வெண்கலம் போல் கணீரென்று ஒலிக்கும் என்பதால் வந்த பெயர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓல்ப்ரூக் கோட்டை அப்படி ஒரு ஃபோனோலைட் குன்றின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. லாஹர் ஸேயின் ஃபோனோலைட் ஒலிக்காது. அது நுரை.

அறையில் இந்த மிச்சம் ஒரே சீராகவும் இல்லை. லேசானது, படிகம் மிகக் குறைந்தது, மிக மாறிப்போனது, 800 டிகிரிக்கும் குறைவான சூட்டில் உச்சியில். கீழே போகப் போகச் சூடும் படிகமும் மக்னீசியமும் அதிகம். அடியில் பசனைட்டின் வாடை இன்னும் போகாத, கருத்த சரக்கு. இதையெல்லாம் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்குத்தான் அப்பாவை ஏரியிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி மென்டிக் ஊருக்கு அழைத்துப் போனேன்.

அங்கே விங்கர்ட்ஸ்பெர்க் சுவர் என்று ஒன்று இருக்கிறது. பழைய நுரைக்கல் வெட்டிய இடத்தில் நிற்கும், 50 மீட்டர் வரை உயரமுள்ள வெட்டுமுகம். முழுக்க ஒரே வெடிப்பில் கொட்டிய சாம்பலும் நுரைக்கல்லும், வரி வரியாக. தவறாமல் எல்லோரும் கேட்பது போல் அப்பாவும் "எத்தன வருசத்துல படிஞ்சது?" என்றார். "பெரும்பகுதி சில நாள்லயே விழுந்திருக்குங்கப்பா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். நம்பாத பார்வை.

ஆனால் வாசித்தது அவர்தான். சாம்பல் வரியிலிருந்து கருத்த தட்டைச் சில்லு ஒன்றைக் காட்டி, "இது இந்தக் கல்லோட சேத்தி இல்லியே" என்றார். இல்லைதான். அது ஸ்லேட், இந்த ஊரின் அடிப்பாறை, சுமார் 40 கோடி ஆண்டுப் பழசு. "வெடி வெச்சா அடியில இருக்கற பாறையுஞ் சில்லுச் சில்லா மேல வருமல்ல. தண்ணி ஊறுன எடத்துல வெச்சா இன்னும் கண்டபடி செதறும்." மேக்மா நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கிணற்று பாஷையில். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொல்லை அவரிடம் சொல்லவில்லை.

சுவரின் அடிப்பக்கம் வெளிர், லேசான நுரைக்கல். உச்சிக்குப் போகப் போகச் சாம்பல் நிறம் ஏறி, கனத்து, கருத்து, படிகம் படிகமாக இருக்கும். அறையில் மேலே லேசு, அடியில் கனம் என்று முன்பு சொன்னேனே, சுவரில் அப்படியே தலைகீழ். இதை எப்படி விளக்குவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னார்: "மூட்டையைக் கவுத்துனா மேல இருந்தது அடியிலதான போகும்."

அவ்வளவுதான். எரிமலை அறையின் உச்சிச் சரக்கை முதலில் காலி செய்தது. அது முதலில் தரையில் விழுந்தது. கடைசியில் வழித்தெடுத்த அடிச்சரக்கு எல்லாவற்றுக்கும் மேலே. ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் இந்தச் சுவரை வரி வரியாகச் சுரண்டி, ஒவ்வொரு வரியின் வேதியியலையும் அளந்து, மூட்டையைத் திரும்ப நிமிர்த்தி வைத்தார்கள். அறையிலேயே மிஞ்சிய படிகக் குவியல்களின் துண்டுகளும் வெடிப்பில் சேர்ந்து வந்திருக்கின்றன என்பதால், கழித்த கணக்கைச் சரிபார்க்கக் கழிவும் கையில் இருந்தது. இப்படி ஒரு வசதி எல்லா எரிமலையிலும் வாய்க்காது.

வெளியே வந்த மேக்மா மட்டும் 6 கன கிலோமீட்டருக்கு மேல். சாம்பல் வடக்கே சுவீடன் வரைக்கும் தெற்கே இத்தாலி வரைக்கும் போய் விழுந்திருக்கிறது. ரைன் நதியே அடைபட்டு ஏரியாகத் தேங்கி, பின்பு உடைத்துக்கொண்டு ஓடியது. சாம்பலில் புதைந்த மரங்களின் வளையங்களை வைத்து, வெடிப்பை 1950-லிருந்து 13,006 ஆண்டு பின்னால், ஒன்பது ஆண்டு முன்பின்னாக என்று 2021-இல் கணித்தார்கள்.

சுவரை விட்டுத் திரும்பும்போது வயலோரப் பாதையில் அப்பா ஒரு நுரைக்கல்லைப் பொறுக்கினார். எலுமிச்சை அளவு. உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கனமே இல்லாத கல் அவருக்கு ஏதோ ஏமாற்று வேலையாகப் பட்டது. என் லென்ஸை வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் வாங்கிப் பார்த்தேன். வெளிர் நுரையின் ஒரு குழிக்குள், கடுகில் பாதி அளவில், ஒரு நீலப் புள்ளி. பக்கத்தில் கண்ணாடித் துண்டு போல ஒரு சானிடின். கருப்பாக ஓர் ஊசி, ஆம்ஃபிபோலாக இருக்கலாம்.

"யாரோ நீலம் போட்ட மாதிரி இருக்குது."

நீலமேதான். அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டிக்கு முக்குவார்களே நீலப்பொடி, அல்ட்ராமரைன், அதன் படிகக்கூடும் இதன் கூடும் ஒரே குடும்பம். கூண்டுக்குள் மூன்று கந்தக அணுக்கள் ஒன்றாக மாட்டிக்கொண்டால் அந்த நிறம் வரும். ஹாயின் என்று இந்தக் கனிமத்துக்குப் பெயர். இதுவும் சிலிக்காப் பஞ்சத்தில் பிறப்பதுதான். குவார்ட்ஸ் இருக்கும் வீட்டில் எட்டிப் பார்க்காது. அதோடு மேக்மாவில் கந்தகமும் இருந்தாக வேண்டும். மென்டிக் பக்கத்து ஹாயினைப் பட்டை தீட்டி மோதிரத்தில் வைக்கிறார்கள். பெரிய கல் கிடைப்பது அபூர்வம், விலையும் அப்படியே.

சிவன்மலையில் இந்த விவரமெல்லாம் தேடிப் பிரயோசனமில்லை. 60 கோடி ஆண்டில் அந்தப் பாறை வெந்து, நசுங்கி, மறுபடி படிகமாகிவிட்டது. இளம் பாறையின் அருமை இங்கேதான். கண்ணாடி இன்னும் கண்ணாடியாகவே இருக்கிறது. யுரேனியம் சிதைந்து தோரியம் ஆகும் கணக்கு இன்னும் சமன்படவில்லை. அந்தச் சமன்படாத நிலைதான் கடிகாரம். லாஹர் ஸே துப்பியவற்றில், ஆழத்திலேயே கெட்டிப்பட்ட சயனைட் துண்டுகளும் உண்டு; அவற்றில் இருக்கும் சிர்கான் என்ற படிகங்களை இப்படி அளந்ததில், வெடிப்புக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அறையின் ஓரங்களில் மேக்மா கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவ்வளவு நிதானம்.

சானிடின் படிகம் சொல்லும் நேரம் வேறு. அதன் வளையங்களில் பேரியம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். கீழிருந்து சூடான பசனைட் புதிதாக வந்து சேரும்போது பேரியம் கூடிய வளையம் ஒன்று உருவாகும். அந்த வளையத்தின் விளிம்பு முதலில் கூர்மையாக இருக்கும். சூட்டில் கிடக்கக் கிடக்க, ஈரத்துணியில் மை ஊறுவதுபோல் மங்கும். எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்தால், படிகம் அதற்குப் பிறகு எத்தனை காலம் சூட்டில் கிடந்தது என்று தெரிந்துவிடும். சில படிகங்களின் கடைசி வளையம் மங்கவே இல்லை. வெடிப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால்தான் கடைசிச் சூடு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுத் தயாரிப்பு, சில ஆண்டுத் தூண்டல், சில நாள் வெடிப்பு. 2013-லிருந்து இந்த ஏரிக்குக் கீழே, 10 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில், மேக்மாவோ அதன் திரவங்களோ நகர்வதைக் காட்டும் தாழ் அதிர்வெண் நடுக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்று 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. அலுவலகத்தில் ஒரு வாரம் இதே பேச்சு. மேலறையில் மேக்மா ஏறுவதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்பதைத் தலைப்புப் போடுகிறவர்கள் கடைசிப் பத்தியில் வைத்தார்கள். எனக்குப் பயமில்லை. ஆனால் குமிழிகளைப் பார்க்கப் போகும்போது, போன தடவையைவிட அதிகமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது உண்டு.

மதியம் மென்டிக்கில் லாவாச் சுரங்கத்துக்குள் இறங்கினோம். ஆட்டுக்கல்லுக்குக் கல் வெட்டுவது மாதிரி, இங்கே திரிகைக் கல்லுக்காக வெட்டிய குகைகள். 30 மீட்டர் ஆழம், கோடையிலும் குளிர்பதனப் பெட்டிக்குள் நிற்பது போல் இருக்கும். ஐஸ் மெஷின் வருவதற்கு முன் 28 பீர் ஆலைகள் இங்கே பீப்பாய் அடுக்கி வைத்திருந்தன. மேலே வந்து நான் ஒரு கிளாஸ் வாங்கினேன். அப்பா சோடா வாங்கினார். அந்தக் காஸும் இந்த மண்ணுக்குள்ளிருந்து வந்ததுதானா என்று கேட்டார். இந்தப் பக்கத்து நீரூற்றுத் தண்ணீர் என்றால் இருக்கலாம் என்றேன். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் குமிழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த எலுமிச்சை நுரைக்கல் காங்கயம் போய்ச் சேர்ந்தது. அப்பா அதை டிவி மேல் வைத்திருந்தாராம். ஒரு வாரத்தில் அம்மா எடுத்துக் குளியலறையில் போட்டுவிட்டாள். குதிகால் தேய்க்க இதுமாதிரி கல் கடையில் கிடைப்பதில்லையாம். போன ஞாயிறு போன் பண்ணியபோது அப்பா குரலில் கொஞ்சம் வருத்தம்.

"அந்த நீலம் உளுந்திருச்சு கண்ணு. ஜாலியடில தேடிப் பாத்தேன். கெடைக்கல."